முகம் கழுவிய குட்டிகள்

ஜூன் 2, செவ்வாய்

ஐந்து நாய்க்குட்டிகளில் நான்காவதும் இன்று விற்றுப் போனது. வாங்க வந்தவர்கள் கணவனும் மனைவியும். அந்த அம்மா குட்டியைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு, "கண்ணு எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு பாருங்க" என்று கணவனிடம் காட்டினார். பளிச்சென்றுதான் இருக்கும். அரை மணி நேரத்துக்கு முன்னால் வெந்நீரில் பஞ்சை நனைத்து நான் துடைத்த கண் அது.

எங்கள் கடையில் இதற்கு 'முகம் கழுவுறது' என்று பெயர். காலையில் ஷட்டருக்குள் தலையை நுழைத்ததும் முதலாளி கேட்கும் முதல் கேள்வி, "முகம் கழுவியாச்சா?" எங்களைப் பற்றி இல்லை, குட்டிகளைப் பற்றி. கண் பீளை, மூக்குச் சளி, வாலுக்கடியில் காய்ந்து ஒட்டியிருப்பது எல்லாம் துடைக்க வேண்டும். சுருண்டு கிடந்தால் நாக்கில் குளுக்கோஸ் தண்ணீர். ஈறு வெளுத்திருந்தால் விரலால் தேய்க்க வேண்டும், கொஞ்ச நேரம் சிவப்பாக நிற்கும். வாங்குகிறவர்களுக்குக் கொஞ்ச நேரம் போதும். செருப்பு வாங்கும்போதுகூட இவர்கள் நாலு முறை நடந்து பார்ப்பார்கள்.

ஒரு நாய்க்குட்டிக்கு உடம்பு சரியில்லை என்பதை எதையெல்லாம் வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது பரீட்சை வைத்தால் நான்தான் முதல் மார்க். அதையெல்லாம் அழிப்பதுதானே இரண்டு வருஷமாக என் வேலை.

வருகிறவர்கள் கேட்பதும் மூன்றே கேள்விதான். கண்ணிலோ மூக்கிலோ ஒழுகுதா? "இல்ல சார், நல்லா இருக்கு." எத்தனை வாரம்? "எட்டு." ஊசி? "போட்டாச்சு." பல்லைப் பார்த்தால் ஆறு வாரம்கூட ஆகியிருக்காது. ஊசி அட்டையில் முதலாளியே கையெழுத்துப் போடுகிறார், டாக்டர் மாதிரியே கிறுக்கலாக. முதல் மாதம் இந்தப் பதில்களைச் சொல்லும்போது எனக்குக் காது சூடாகும். இப்போது வாய் என்னைக் கேட்பதே இல்லை, அதுபாட்டுக்குச் சொல்லிவிடுகிறது.

கிளம்புகிறவர்களிடம் கடைசியாக ஒன்று சொல்லி அனுப்ப வேண்டும். அது முதலாளி உத்தரவு. "தினம் காலையில வெந்நீர்ல பஞ்சு நனைச்சு கண்ணு, மூக்கெல்லாம் துடைச்சு விடுங்க. எப்பவும் பளிச்சுன்னு இருக்கும்." எவ்வளவு தாமதமாகக் கண்டுபிடிக்கிறார்களோ அவ்வளவு தாமதமாகத்தானே சண்டைக்கு வருவார்கள். அந்த அம்மா நான் சொன்னதைப் போனில் குறித்துக்கொண்டு போனார்.

ஜூன் 3, புதன்

ஐந்தாவதை என்னிடமே கொடுத்துவிட்டார். கீழ்த்தாடை கொஞ்சம் முன்னால் நீண்டிருக்கிறது, அதனால் யாரும் கையில் எடுக்கவில்லை. "எடுத்துட்டுப் போ. ரெண்டு வாரம் பாரு. தேறலைன்னா கொண்டா, பண்ணைக்கே அனுப்பிடலாம்" என்றார். எங்கள் கடைக்குக் குட்டிகளை அனுப்புகிற அந்தப் பண்ணைக்குத் திரும்பிப் போன குட்டியை அப்புறம் யாரும் பார்த்ததில்லை.

கூட வேலை பார்க்கும் அண்ணனைக் கண்ணாடியின் தடிமனை வைத்து எல்லாரும் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் என் காதருகே வந்து, "தங்கச்சி, தாடையை நல்லாப் பாரு. முதலாளிக்குத் தூரத்துச் சொந்தம் போல. அதான் விக்க மனசு வரல" என்றார். சிரித்துவிட்டேன்.

அப்பாவுக்காகத்தான் எடுத்து வந்தேன். கிடங்கில் மூட்டை ஏற்றும்போது அவருக்கு இடுப்பு போய் மூன்று வருஷம் ஆகிறது. கம்பெனி டாக்டர் 'ஏற்கெனவே இருந்த பலவீனம்' என்று ஒரு வரி எழுதினார். அந்த ஒரு வரியோடு எல்லாரும் விலகிக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவருக்கு ஜன்னலோர நாற்காலிதான். அம்மாவும் இல்லை. நான் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஏழு ஆகிறது. அதுவரைக்கும் அந்த மனுஷன் யாரோடு பேசுவார்?

மடியில் விட்டதும் அது தாடையை முழுசாகத் திறந்து ஒரு கொட்டாவி விட்டது. அப்பாவுக்கும் தொற்றிக்கொண்டது. "என்னைவிடப் பெரிய சோம்பேறியா இருக்கும் போலயே" என்றார். பெயரே கொட்டாவி என்று ஆகிவிட்டது.

தீனியை ஊறவைத்துக் கொடுத்தேன். மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "ஒழுங்கா சாப்பிடு. இல்லன்னா கடையிலயே கொண்டு போய் விட்டுடுவேன்" என்று விளையாட்டுக்கு மிரட்டினேன். அது கண்டுகொள்ளவில்லை. அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

ஜூன் 5, வெள்ளி

தட்டு காலி. வழித்து வைத்த மாதிரி சுத்தம். "ரெண்டு வேளையும் முடிச்சிடுச்சு" என்கிறார் அப்பா. ஏதோ அவரே சமைத்துப் போட்ட மாதிரி பெருமை.

ஜூன் 8, திங்கள்

கண்ணோரம் கொஞ்சம் பீளை. துடைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

ஜூன் 10, புதன்

இன்று ஒருவர் கடைக்கு வந்து, "இன்னும் சின்னதா இல்லையா? கைக்குள்ள அடங்கணும்" என்றார். மச்சினி பிறந்தநாளுக்குப் பெட்டியில் வைத்து ரிப்பன் கட்டிக் கொடுக்கப் போகிறாராம். பெட்டியில் ஓட்டை போடுவீர்களா என்று கேட்டேன். பரிசு பார்க்க நன்றாக இருக்காதே என்று யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். இவர்களுக்காகத்தான் தாயிடமிருந்து ஐந்தாவது வாரமே பிடுங்கிக்கொண்டு வருகிறார்கள். பால்குடி மறக்காத குட்டிக்கு எதிர்ப்புச் சக்தி எங்கிருந்து வரும்? முதலாளியை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்.

எங்கள் ஜன்னலுக்குக் கீழே ஒரு சாம்பல் பூனை புதிதாகக் குடியேறியிருக்கிறது. நான் வரும்போதெல்லாம் ரேஷன் வரிசையில் நிற்கிறவன் மாதிரி மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறது.

கொட்டாவி தூங்கிக்கொண்டே இருக்கிறது. குட்டி என்றால் தூங்கத்தான் செய்யும். வாங்குகிறவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வது இது. இன்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 12, வெள்ளி

என்ன செய்தேன் நான்?

இரண்டு நாளாகப் பீளை மஞ்சளாக வருகிறது. மூக்கு நுனி காய்ந்து வெடித்திருக்கிறது. லேசான இருமல். அரை நாள் லீவு சொல்லிவிட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். கிளம்புவதற்கு முன்னால் வெந்நீர் வைத்தேன். பஞ்சு எடுத்தேன். கண், மூக்கு, வாலடி. நாக்கில் குளுக்கோஸ். கை தன்னால் செய்தது. யாராவது என்னைத் தடுத்து 'என்ன செய்யறே' என்று கேட்டிருந்தால், 'வெளியே கூட்டிட்டுப் போறேன்ல' என்று சொல்லியிருப்பேன்.

டாக்டரம்மாவுக்கு முன்னால் பதினாறு பேர் வரிசை. எங்கள் முறை வந்தபோது மேசைமேல் நின்று வாலை ஆட்டுகிறது கொட்டாவி. அவர் பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"கண்ணு, மூக்கு ஒழுகுதா?"

"இல்ல டாக்டர், நல்லா இருக்கு."

"எத்தனை வாரம்?"

"எட்டு."

"ஊசி?"

"போட்டாச்சு."

"அப்ப எதுக்கும்மா வந்தீங்க?" என்று சிரித்தார். சோர்வாக இருக்கிறது என்றேன். சாப்பிடுகிறதா என்று கேட்டார். தட்டு காலியாகிறது என்றேன். உடம்பு லேசான சூடு, பஸ்ஸில் வந்ததால் இருக்கும் என்றார். சத்து மருந்து எழுதிக் கொடுத்தார். மொத்தம் மூன்று நிமிஷம்.

பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் என் குரல் எனக்கே திரும்பக் கேட்டது. இல்ல டாக்டர், நல்லா இருக்கு. ஒருத்தர்கிட்டயாவது உண்மை சொல்லணும்னுதான போனேன்? அங்கேயும் கடையை விரிச்சிட்டு வந்திருக்கேன்.

இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. மறுபடியும் வரிசை, லீவு முடியப் போகிறது என்றெல்லாம் இங்கே எழுதலாம். வெட்கம். அவ்வளவுதான் காரணம். நான் ஒரு பொய்க்காரி என்று அந்தம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது?

டாக்டரே ஒன்றுமில்லை என்கிறாரே என்று ஒரு நிம்மதிகூட வந்தது. அதுதான் கேவலம்.

ஜூன் 15, திங்கள்

மாதத்தில் எனக்கு இரண்டு நாள் லீவு. அதில் ஒன்று இன்று. அதனால்தான் தெரிந்தது.

காலையில் தீனியை வைத்தேன். கொட்டாவி எழுந்து வரவே இல்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தீனி அப்படியே இருக்கிறது. குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், அப்பா ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் தட்டோடு நிற்கிறார். அந்த இடுப்போடு. கீழே பூனை.

"அப்பா."

அவர் திரும்பவில்லை.

"எத்தனை நாளா?"

"அஞ்சாறு நாளாவே சரியா சாப்பிடல." தட்டை ஜன்னல் திண்டில் வைத்தார். "அதுக்கு முன்னாடியும் பாதிதான்."

"ஏன்ப்பா என்கிட்ட சொல்லல?"

"சாப்பிடலைன்னா கடைக்குக் கொண்டு போயிடுவேன்னு சொன்னியேம்மா."

கத்த வாயைத் திறந்தேன். டாக்டர்கிட்ட தட்டு காலியாகுதுன்னு சொன்னேன்ப்பா, உங்களை நம்பித்தான சொன்னேன், அது பசிக்கவே இல்லாம செத்துட்டிருக்கு, நீங்க பூனைக்கு விருந்து வைக்கிறீங்க... எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. என் கையில் பஞ்சு டப்பா இருந்தது. காலையில் துடைத்து முடித்துவிட்டு அலமாரியில் வைக்க எடுத்துப் போய்க்கொண்டிருந்தேன்.

நான் முன்பக்கத்தைத் துடைக்கிறேன். அவர் தட்டைத் துடைக்கிறார். நடுவில் ஒரு குட்டிக்கு உடம்பு சரியில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியாமல் போய்விட்டது.

முதுகுத் தோலை இரண்டு விரலால் தூக்கி விட்டேன். உடனே கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை, கூடாரம் மாதிரி நின்றது. உடம்பில் தண்ணீர் இல்லை. இதுவும் எனக்குத் தெரிந்த பாடம்தான். நல்ல நாளிலேயே செய்து பார்த்திருக்க வேண்டிய பாடம்.

அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடை, பஞ்சு, வாரம், அட்டை, பூனை வரைக்கும். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கொட்டாவியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு இருந்த மாதிரியே கொண்டு வந்திருக்கலாமேம்மா" என்றார். அவ்வளவுதான். நாய்களுக்கு வருகிற ஒட்டுவாரொட்டிக் காய்ச்சலாம். கண், மூக்கில் ஆரம்பித்து வயிற்றுக்கு இறங்கி, கடைசியில் மூளைக்கு ஏறுமாம். நேரடி மருந்து கிடையாது. தண்ணீர் ஏற்றி, மற்ற கிருமி சேராமல் பார்த்துக்கொண்டால் சில குட்டிகள் தாங்கும். ஆரம்பத்திலேயே வர வேண்டும்.

"கூடப் பிறந்தது இருக்கா?" என்று கேட்டார்.

நான்கு என்றேன்.

ஜூன் 16, செவ்வாய்

தண்ணீர் ஏற்றினார்கள். கடைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். போனேன். ஆறு குட்டிகளுக்கு முகம் கழுவினேன்.

ஜூன் 17, புதன்

தாடை தானாக ஆடுகிறது. எதையோ மென்றுகொண்டே இருப்பதுபோல. வாயில் ஒன்றுமில்லை. அப்பா, "பாரும்மா, பசிக்குது போல, வாயை அசைக்குது" என்று தீனியைக் கையில் எடுத்தார். அது வலிப்பு என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமா? இந்த வீட்டில் இனிமேல் மறைப்பது மட்டும் வேண்டாம்.

ஜூன் 19, வெள்ளி

மதியம் இரண்டேகால் மணிக்கு அப்பா போன் செய்தார். "அடங்கிடுச்சும்மா" என்றார். தூங்கிவிட்டதா என்று கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னார்.

வீட்டுக்குப் போக வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். கடையில் கூட்டம். "நாய்க்கெல்லாம் லீவா?" என்றார். நாய் விற்கிற கடையில் நின்றுகொண்டு.

ஜூன் 20, சனி

அடுக்குமாடிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிக் கொஞ்சம் மண் இருக்கிறது. காலையில் அங்கே குழி தோண்டினேன். அப்பாவால் மாடிப்படி இறங்க முடியாது. ஜன்னலிலிருந்து, "இன்னும் கொஞ்சம் ஆழமா" என்றார். இரண்டு முறை சொன்னார். பூனை வந்து கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்தது. கல்லை எடுத்தேன். எறியவில்லை. அதற்கு என்ன தெரியும்.

ஜூன் 21, ஞாயிறு

வாங்கியவர்களின் போன் நம்பரெல்லாம் கடையில் ஒரு நோட்டில் இருக்கிறது. தீனி விற்பதற்காக எழுதி வைப்பது. அது முதலாளி மேசையில்தான் எப்போதும் இருக்கும். மதியம் அவர் சாப்பிடப் போனதும், அந்த நாலு பேருக்கும் போன் செய்து உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று சோடாபுட்டி அண்ணனிடம் சொன்னேன்.

"விடு தங்கச்சி. நீ சொன்னா மட்டும் பொழைச்சிடுமா?"

"சொல்லாம இருந்தா பொழைச்சிடுமா?"

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். அப்புறம் மேசையில் இருந்த நோட்டை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, "நான் டீ குடிச்சிட்டு வரேன். கால் மணி நேரம் ஆகும். எனக்குக் கண்ணு வேற சரியாத் தெரியாது" என்று வெளியே போனார்.

முதல் நம்பர் ஒரு ஆள். "அது செத்துப் போச்சும்மா. எட்டாம் நாளே. உங்க முதலாளிகிட்ட கேட்டேன், நீங்க ஜில்லுன்னு பால் குடுத்திருப்பீங்கன்னாரு. எங்க வீட்ல இன்னும் அதைச் சொல்லிச் சொல்லி அழுதிட்டிருக்கா." பால் காரணம் இல்லை சார் என்றேன். குட்டி வரும்போதே நோயோடு வந்தது என்றேன். "இரு, அவகிட்ட நீயே சொல்லு" என்றார். சொன்னேன். "அப்ப பால் இல்லையே?" என்று அந்தப் பெண் இரண்டு முறை கேட்டாள்.

இரண்டாவது, "எந்த நாய்?" பிறகு நினைவு வந்து, "ராத்திரியெல்லாம் கத்துச்சுன்னு வாட்ச்மேன்கிட்ட கொடுத்துட்டோம். அவர் இப்ப வேலையில இல்ல."

மூன்றாமவர், "நீ யாரு? இதை எழுத்துல கொடுப்பியா? உன் முதலாளியைக் கூப்பிடு" என்று ஆரம்பித்துவிட்டார். குட்டி எப்படி இருக்கிறது என்று ஐந்து முறை கேட்டேன். அதை மட்டும் சொல்லவே இல்லை.

நான்காவது, அந்த அம்மா. குரலிலேயே என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"நீயாம்மா? ரொம்ப நல்லா இருக்கு. நீ சொன்ன மாதிரியே தினம் காலையில துடைச்சு விடறேன். இப்ப நாலு நாளா சாயங்காலமும் துடைக்க வேண்டியிருக்கு. மஞ்சளா வருது. துடைச்சுட்டா பளிச்சுன்னு ஆயிடுது."

நான் அங்கேயே தீனி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

"துடைக்காதீங்கம்மா."

"ஏன்?"

"இனிமே துடைக்காதீங்க. அப்படியே தூக்கிட்டு இன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க. எட்டு வாரம்னு சொன்னது பொய், அன்னைக்கு ஆறுகூட ஆகல. ஊசி போடல. அட்டை பொய். அழுக்கு இருக்கிற மாதிரியே இருக்கட்டும். இதெல்லாம் அவங்ககிட்ட சொல்லுங்க. முதல்ல உதட்டைத் தூக்கி ஈறு என்ன கலர்னு பாருங்க."

போனைக் கீழே வைக்கும் சத்தம். மறுபடி எடுக்கும் சத்தம்.

"ரோஸாத்தான் இருக்கு. கொஞ்சம் வெளுப்பா." அப்புறம் கேட்டார், "இதை அன்னைக்கே ஏன்மா சொல்லல?"

இந்தக் கேள்விக்கு வாயில் தயாராக எந்தப் பதிலும் இல்லை.

ஜூன் 23, செவ்வாய்

மூன்றாமவர் கடைக்கு வந்து சத்தம் போட்டார். முதலாளி அவருக்கு வேறு குட்டி தருவதாகச் சொன்னதும் சமாதானமாகிவிட்டார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று நிறம் தேர்ந்தெடுத்தார். பழைய குட்டி ஒரு வாரத்துக்கு முன்பே செத்திருக்கிறது.

அவர் போன பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. "உனக்கு இந்தத் தொழில் ஒத்து வராதும்மா" என்றார், பெண் பிடிக்கவில்லை என்று சொல்லி அனுப்பும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி மரியாதையாக. இரண்டு வருஷம் நன்றாகத்தான் ஒத்து வந்தது. அதுதானே பிரச்சினை.

ஜூலை 5, ஞாயிறு

வேலை தேடி அலைந்துவிட்டுத் திரும்பும்போது பஸ் கடை வாசலில் சிக்னலுக்கு நின்றது. புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். என் வயதுகூட இருக்காது. மடியில் குட்டி, பக்கத்தில் வெந்நீர்க் கிண்ணம். வேகமாகக் கற்றுக்கொண்டுவிட்டாள். இமையின் ஓரத்தில் உள்ளிருந்து வெளியே இழுக்கிறாள், சரியான முறை. கண்ணாடிப் பெட்டியில் எட்டுக் குட்டிகள், எல்லாம் பளிச்சென்று. இறங்கிப் போய் என்ன சொல்வது? அவளுக்கும் வீட்டில் யாரோ நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். பஸ் கிளம்பிவிட்டது.

வீட்டுக்குள் நுழையும்போது அந்த அம்மாவிடமிருந்து போன். குட்டியைப் பன்னிரண்டு நாள் டாக்டரிடமே வைத்திருந்தார்களாம். "உயிரோட இருக்கு. முன்கால் ஒண்ணு மட்டும் ஆடிக்கிட்டே இருக்கு. தூங்கும்போதும் நிக்கல. அது இனிமே அப்படித்தானாம்." எதற்குச் சொல்கிறேன் என்று அவருக்கே தெரியாததுபோல நிறுத்தினார். பிறகு, "அன்னைக்குக் கடையில கூட இன்னொண்ணு இருந்ததே, அது?" என்றார். சொன்னேன். நல்லதாக ஏதாவது சொல்வார் என்று பயந்தேன். சொல்லவில்லை. "சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

அப்பா நாற்காலியில்தான் இருந்தார். ஜன்னல் சாத்தியிருந்தது. கீழே பூனை வழக்கம்போல மேலே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

"சாப்பிட்டீங்களாப்பா?"

தட்டை எடுத்து என் பக்கம் நீட்டினார். காலையில் நான் வைத்துவிட்டுப் போனது ஒரு வாய்கூடக் குறையாமல் காய்ந்து கிடந்தது. நேற்றும் முந்தாநாளும் தட்டு காலியாகத்தான் இருந்தது.

"இல்லம்மா" என்றார். "மூணு நாளா இறங்கல."